ஒத்தை கிட்னி இருக்குற குழந்தைக்கு பயாப்சி பண்ணலாமா?

பிறக்கும்போதே ஒரே ஒரு கிட்னியோட பிறக்குற குழந்தைங்க நாம நினைக்கிறத விட அதிகம், சுமார் 1000-லிருந்து 2000 குழந்தைக்கு ஒண்ணு. பெரும்பாலும் அந்த ஒரு கிட்னியே கொஞ்சம் பெருசா வளர்ந்து ரெண்டோட வேலையையும் பாத்துக்கும், பயாப்சி, அதாவது கிட்னில ஊசி விட்டு துளி சதை எடுத்து டெஸ்ட் பண்றதுங்கிற பேச்சே வராது. அந்தக் கிட்னிக்கே ஒரு நோய் வரும்போதுதான் சிக்கல். யூரின்ல புரோட்டீன் நெறைய போகுது, ஸ்டீராய்டு குடுத்தும் நிக்கல, இல்லன்னா யூரின்ல ரத்தம் கலந்து போகுது, கிரியாட்டினின் (கிட்னி சரியா வடிகட்டலன்னா ரத்தத்துல தேங்குற கழிவு) நாளுக்கு நாள் ஏறுதுன்னு வந்து, பயாப்சி பண்ணணும்னு சொன்னதுமே "இருக்கிறதே ஒண்ணு, அதுலயும் ஊசியா?"ன்னுதான் பெத்தவங்க கேப்பாங்க. நியாயமான பயம்.

ஒரு காலத்துல டாக்டர்களும் அப்படித்தான் பயந்தாங்க. 1950-கள்ல ஊசி பயாப்சி பரவ ஆரம்பிச்சப்போ எக்ஸ்ரேயை வச்சு இடத்தை கணக்குப் போட்டு குத்தினாங்க, அதனால ஒத்தை கிட்னின்னா ஊசியே கூடாது, ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்னு இருந்துச்சு. இப்போ ஊசி நுனி எங்க போகுதுன்னு ஸ்கேன் திரையில நேரா பாத்துக்கிட்டே, ஸ்பிரிங் ஊசியால கண் இமைக்கிற நேரத்துல எடுத்துடுறோம். மாற்று கிட்னி வச்ச குழந்தைங்களும் அந்த ஒண்ணை நம்பித்தான் இருக்காங்க, அவங்களுக்கு தேவைப்பட்டா பலமுறை கூட பயாப்சி பண்றோம். அது வயித்துல தோலுக்குப் பக்கத்துல இருக்கிறதால இன்னும் சுலபம்ங்கிறது உண்மைதான், ஆனா ஒத்தை கிட்னிங்கிற ஒரே காரணத்துக்காக மறுக்க வேண்டியதில்லைன்னு புரியுதுல்ல.

எடுக்கிற சதை பென்சில் லெட் கனத்துல, ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் நீளம். ஒரு கிட்னில லட்சக்கணக்கான வடிகட்டிகள் இருக்கு, அதுல போறது பத்து இருபதுதான், அதனால கிட்னியோட வேலை கொறையாது. பயப்பட வேண்டியது ரத்தக் கசிவுக்குத்தான். கிட்னியைச் சுத்தி கொஞ்சம் ரத்தம் கட்டுறது சகஜம், தானா கரைஞ்சுடும். சிலருக்கு ஒரு நாள் ரெண்டு நாள் யூரின் சிவப்பா போகும். ரத்தம் ஏத்துற அளவுக்குப் போறது அபூர்வம், கிட்னியையே எடுக்க வேண்டி வர்றது அதைவிட ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா ரெண்டு கிட்னி இருக்குற குழந்தைக்கு அது ஒரு இழப்பு, இந்தக் குழந்தைக்கு அது டயாலிசிஸ், அந்த வித்தியாசத்தை பெத்தவங்ககிட்ட மறைக்காம சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும்.

அதனாலதான் முன்னேற்பாட்டுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். பிபி கட்டுக்குள்ள வராம ஊசி கிடையாது. பிளேட்லெட், ரத்தம் உறையுற டெஸ்ட் எல்லாம் சரியா இருக்கணும், யூரின்ல இன்ஃபெக்ஷன் இருக்கக்கூடாது, ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாதிரி மாத்திரையை ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும், ரத்தம் தயாரா இருக்கணும். சின்னப் பிள்ளைங்க திடீர்னு அசைஞ்சா ஆபத்து, அதனால நல்லா தூங்க வைக்கணும். கசிவு நிக்கலன்னா ரத்தக்குழாய் வழியா போய் அடைக்கிற வசதி அந்த ஆஸ்பத்திரில இருக்கான்னு பெத்தவங்க தாராளமா கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

எல்லாருக்கும் இது வேணும்னு சொல்லல. கிட்னி ஏற்கனவே சுருங்கிப் போயிருந்தா ஆபத்து கூட, பலன் கம்மி. ஒத்தை கிட்னி வேலைப்பளுவால மெதுவா கொஞ்சம் புரோட்டீன் விட்டா பல சமயம் மாத்திரையே போதும், ஸ்டீராய்டுக்கு அடங்காத சிலருக்கு ஜீன் டெஸ்ட்லயே காரணம் தெரிஞ்சுடும். ஆனா கிரியாட்டினின் வேகமா ஏறுற குழந்தைக்கு ஊசிக்குப் பயந்து நாளைக் கடத்துறதுதான் பெரிய ஆபத்து, சில நோய்ல சில வாரத்துக்குள்ளயே கிட்னி தழும்பாயிடும், என்ன நோய்னு தெரியாம வீரியமான மருந்தைக் குத்துமதிப்பா குடுக்கவும் முடியாது.

பயாப்சி முடிஞ்சதும் ஆறு மணி நேரமாவது மல்லாந்து படுத்திருக்கணும், அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரிலயே இருக்கட்டும், பெரிய கசிவு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சுடும். வீட்டுக்குப் போனப்புறம் ரெண்டு வாரம் ஓட்டம், குதி, விளையாட்டு வேண்டாம். யூரின் ரத்தமா போனாலோ, கட்டிகட்டியா வந்தாலோ, வராம அடைச்சாலோ, இடுப்பு வலி கூடினாலோ, குழந்தை வெளுத்து சோர்ந்து போனாலோ விடியட்டும்னு காத்திருக்காம உடனே கூட்டிட்டு வந்துடுங்க.