காட்டு இஞ்சியை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?

பொங்கலுக்கு முந்தின நாள் வண்ணாரப்பேட்டையில் கரும்புக் கட்டுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் கொத்தையும் குவித்து வைத்திருப்பார்கள். இலை, தண்டு, கிழங்கு எல்லாம் சேர்ந்த முழுச் செடி. வடசென்னையில் நம்மில் பலர் இஞ்சிக் குடும்பத்துச் செடி ஒன்றை முழுசாகப் பார்ப்பது அந்த ஒரு தடவைதான். அதில் பூ மட்டும் இருக்காது. மலைக்காட்டில் இஞ்சி வகைகளைத் தேடிப் போகிறவர்களுக்கோ அந்தப் பூதான் வேண்டும்.

இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், மாங்காய் இஞ்சி, அப்புறம் ராசப்ப செட்டி தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சித்தரத்தை, கஸ்தூரி மஞ்சள் எல்லாமே ஒரே குடும்பம். உலகம் முழுக்க இதில் சுமார் 1,600 இனங்கள் உண்டு. டீயில் தட்டிப் போடுகிறோமே, அந்த இஞ்சி காட்டில் தானாக முளைத்து யாரும் கண்டதில்லை. ஏலம் அப்படியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் இன்றும் தானாகவே வளர்கிறது.

குடும்பத்தை அடையாளம் காண்பது சுலபம். மஞ்சள் கொத்தில் தண்டு என்று நாம் பிடிப்பது தண்டே இல்லை. வாழையைப்போல, இலைகளின் அடி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கிறது. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு. இலைகள் இரண்டு வரிசையாக வரும், கசக்கினால் மணக்கும். காட்டில் கோஷ்டம் என்ற செடி இஞ்சிபோலவே நின்று ஏமாற்றும். ஆனால் அதன் இலைகள் தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறும், வாசனையும் இருக்காது. அது வேறு குடும்பம்.

சரி, எந்த இனம்? இங்கேதான் சிக்கல். இலையை மட்டும் பார்த்துப் பல இனங்களைப் பிரிக்க முடியாது. பூவில் பளிச்சென்று விரிந்திருக்கும் உதடு உண்மையில் இதழ் அல்ல. மகரந்தம் தருவதை விட்டுவிட்ட மகரந்தத் தாள்கள் ஒட்டி உருவானது. வேலை செய்வது ஒரே ஒரு தாள். அதன் இரண்டு மகரந்தப் பைகளுக்கு நடுவே பூவின் பெண் பாகமான நூல்போன்ற சூல்தண்டு நுழைந்து மேலே வருகிறது. இஞ்சிப் பேரினத்தில் அந்தத் தாளின் நுனி கொம்புபோல நீண்டு சூல்தண்டைச் சுற்றிக்கொள்ளும். மஞ்சள் பேரினத்தில் பெரும்பாலும் அடியில் இரண்டு முட்கள் இருக்கும். இவ்வளவு நுணுக்கமான இடத்தில்தான் பெயர் ஒளிந்திருக்கிறது.

அந்தப் பூ பல இனங்களில் ஒரே நாள்தான் நிற்கும். காகிதத்துக்கு நடுவே வைத்து அழுத்தினால் உருத்தெரியாமல் நசுங்கிவிடும். அதனால் பூவை ஆல்கஹாலில் போட்டு, நிறம் போவதற்குள் படமும் எடுத்துவிடுகிறார்கள். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவரான தாவரவியலாளர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். இந்த ஒற்றை மகரந்தத் தாள் செடிகளைப் பற்றி அவர் எழுதியது 1783இல் அச்சானது. உயிருள்ள பூவைப் பார்த்து எழுதியதால்தான் அந்த விவரங்களுக்கு இவ்வளவு மதிப்பு என்று நினைக்கிறேன்.

கணக்கெடுப்பு மழையோடு போக வேண்டும். கோடையில் பல இனங்களின் இலை காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும்; அப்போது போனால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அடிவாரத்திலிருந்து உச்சிவரை, குறிப்பிட்ட உயரங்களில் கயிறு கட்டிச் சதுரம் பிடித்து, அதற்குள் இருப்பதைக் குறிக்கிறார்கள். சில இனங்களின் பூ இலைத்தண்டில் வராமல் தரையை ஒட்டியே வெளிவரும். சருகை விலக்கிப் பார்க்காதவருக்கு அது கிடைக்காது. இன்னொரு தொல்லை, ஐம்பது தளிர்கள் ஒரே கிழங்கிலிருந்து வந்திருக்கலாம். அதனால் தளிரை எண்ணாமல் புதரை எண்ணுவது வழக்கம். சதுரங்கள் கூடக்கூடப் புதிய இனங்கள் வருவது குறையும். புதிதாக ஒன்றும் வராத நிலையை நெருங்கினால், தேடியது ஓரளவு போதும் என்று கொள்கிறார்கள்.

அடுத்த பொங்கல் மஞ்சளில் ஒரு கிழங்கை எடுத்து வைத்து, சித்திரை வாக்கில் மாடித்தொட்டியில் லேசான நிழலில் ஊன்றுங்கள். நன்றாக வளர்ந்தால் சில மாதங்களில் இலைகளுக்கு நடுவே வெளிறிய கூம்பு எழும். அதன் செதில்களுக்குள் மஞ்சள் நிறப் பூ இருக்கும். காலையிலேயே ஒன்றைப் பிரித்து, அந்த நூல் எங்கே நுழைகிறது என்று பாருங்கள்.