விதை வாங்கப் போனால் பயறையும் கேளுங்கள்

தமிழ்நாடு அரசு 2025 ஜூலை 4 அன்று ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தைத் தொடங்கியது. வீட்டுத் தோட்டத்துக்கு முழு மானியத்தில் மூன்று வகைத் தொகுப்புகள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் ஒன்றில். பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் இன்னொன்றில். மூன்றாவது பயறுத் தொகுப்பு: மரத்துவரை, காராமணி, அவரை விதைகள்.

பலரும் காய்கறி விதையோடு திரும்பிவிடுகிறார்கள். காய்கறி அவசியம்தான், ஆனால் அதில் வயிறு நிறையாது. 100 கிராம் கத்தரிக்காயில் சுமார் 25 கலோரி. அதே எடைத் துவரம் பருப்பில் 300-க்கு மேல். நடுத்தர உழைப்புள்ள பெண்ணுக்கு நாளுக்கு 2,130 கலோரி தேவை என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அரிசி ரேஷனில் கிடைத்துவிடும். துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோதான், நாலைந்து பேர் சாப்பிடும் வீட்டில் எத்தனை நாளைக்கு வரும்? வேலியோரம் நாலு மரத்துவரை நின்றால், பந்தலில் அவரை ஏறினால், அந்தக் குறை கொஞ்சம் அடையும்.

ஆனால் தொடக்கத்தில் காய்கறித் தொகுப்புக்கு வைத்த இலக்கு 15 லட்சம் வீடுகள், பயறுக்கு 1 லட்சம்தான். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. அதனால் பயறு வேண்டும் என்பவர்கள் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அல்லது வேளாண் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அப்புறம் கோழி. கால்நடை பராமரிப்புத் துறை கிராமத்து ஏழைப் பெண்களுக்கென ஒரு திட்டம் நடத்தியது. நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள், விலை 3,200 ரூபாய், அதில் பாதி மானியம். ஒன்றியத்துக்கு 100 பேர். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை. முன்பு விலையில்லா மாடோ ஆடோ வாங்கியவர்களுக்குக் கிடையாது. இந்த ஆண்டுக்கு ஒதுக்கீடு வந்திருக்கிறதா என்று பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், விண்ணப்பமும் அங்கேதான்.

ஒரு முட்டையில் சுமார் 70 கலோரி, நல்ல புரதமும் சேர்த்து. எல்லாவற்றையும் விற்றுவிடாமல் பிள்ளைகளுக்கென்று தினம் ஒன்றிரண்டை எடுத்துவையுங்கள்.

தோட்டமும் கோழியும் ஒரே கொல்லையில் என்றால் விதை போட்ட கையோடு பாத்திமேல் முள்ளைப் பரப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் கிளறித் தின்றுவிடும். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் பட்டியே காலியாகும். அதற்கான தடுப்பூசியைத் துறை இலவசமாகப் போடுகிறது; பிப்ரவரியில் இரண்டு வார முகாமும் நடத்துவார்கள். எட்டு வாரம் தாண்டிய கோழிகளை அதற்குக் கொண்டுபோங்கள்.