அரல் கடலா, ஏரல் கடலா?

மத்திய ஆசியாவில், கசாக்ஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே இருக்கிற நீர்ப்பரப்பைப் பள்ளிக்கூடத்தில் 'ஏரல் கடல்' என்று படித்திருப்போம், சில புத்தகங்களில் 'ஆரல்' என்றும் இருக்கும். ஏரல் என்றால் எனக்குத் தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஊர்தான் நினைவுக்கு வருகிறது, ஆரல் என்றால் மீன். இந்தக் குழப்பம் ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்தது. கசாக் மொழியில் அது 'அரல்', முதலெழுத்து குறில்தான். உஸ்பெக்கில் 'ஒரோல்'. பொருள் இரண்டிலும் ஒன்றே: தீவு.

முழுப்பெயர் 'அரல் தெங்கிசி', அதாவது தீவுக்கடல். சும்மா வைத்த பெயரல்ல, ஒரு காலத்தில் 1,100-க்கும் மேல் தீவுகள் இருந்தன. 'தெங்கிஸ்' என்றால் கடல், ஆனால் இது ஏரி. அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகள் வந்து விழுந்தன, வெளியே போக வழி கிடையாது, வெயிலில் ஆவியாவது ஒன்றுதான் வடிகால். ஏரியைக் கடல் என்றதற்குச் சிரிக்க வேண்டாம், இலங்கையின் பொலன்னறுவையில் வெட்டிய குளத்துக்கும் பராக்கிரம சமுத்திரம் என்றுதானே பேர்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தீவு' தப்பில்லை, ஆனால் எனக்குப் பிடித்தது 'திட்டு'. தண்ணீர் ஏறினால் முங்கும், இறங்கினால் கரையோடு ஒட்டிக்கொள்ளும், அதுதானே திட்டு. அரலின் கதையும் அதேதான்: துரான் தாழ்நிலத்தில் தட்டு மாதிரி கிடந்த ஏரி, சராசரி ஆழம் 16 மீட்டர் அளவுதான், அதனால்தான் அத்தனை திட்டுகள், அதனாலேயே மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் கரை கிலோமீட்டர் கணக்கில் ஓடிப்போனது. 1960-இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். பருத்திக்காக சோவியத் அரசு இரண்டு ஆறுகளையும் வாய்க்கால்களில் திருப்பிவிட்டது. 1987-இல் ஏரி வடக்கு, தெற்கு என்று இரண்டானது, 2014-இல் தெற்கின் கிழக்குப் பகுதி முழுக்கக் காய்ந்தே போனது. உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் துறைமுகமாக இருந்த ஊர், இன்று மேட்டில் நின்று கீழே பார்த்தால் துருவேறிய மீன்பிடிக் கப்பல்கள் மணலில் வரிசையாக நிற்கின்றன, நடுவே உப்புநிலச் செடிகள்.

அந்த மணலுக்குப் புதுப்பெயர் 'அரல்கும்'. 'கும்' என்றால் மணல், பக்கத்துப் பாலைகளான காராகும் கருமணல், கிசில்கும் செம்மணல், அந்த வரிசையில் இது மூன்றாவது. தமிழில் 'திட்டுமணல்' என்பேன்.

அப்புறம் 'கோக்கரல்', பசுந்தீவு. முன்பு தீவின் பெயர், இப்போது அணையின் பெயர். சுமார் 13 கிலோமீட்டர் நீளம், 2005-இல் கட்டி முடித்தார்கள், வடக்கு அரலில் தண்ணீர் ஏறியது, மீனும் திரும்பியது.

பார்சாகெல்மெஸ் என்று இன்னொரு தீவு. 'போனால் வரமாட்டாய்' என்று பொருள். முன்பு படகில்தான் போக முடியும், இப்போது காய்ந்த ஏரிப்படுகை வழியாக ஜீப்பில் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள்.