இனோசிட்டால் மூவிடப் பாஸ்பேட்: சொல் விளக்கம்

கிரேக்கத்தில் 'இஸ்' என்றால் தசைநார். 'இனோஸ்' அதன் ஆறாம் வேற்றுமை வடிவம். 1850-இல் ஷேரர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் தசையிலிருந்து பிரித்தெடுத்த இனிப்பான பொருளுக்கு அதனால்தான் 'இனோசிட்' என்று பெயர் வந்தது. உடலில் மிகுதியாக உள்ள மயோ-இனோசிட்டாலில் 'மயோ'வுக்கும் தசை என்றே பொருள். 'தசைச்சர்க்கரை' என்று தமிழாக்கினால் தசையில் சேமிக்கப்படும் சர்க்கரைச் சேர்மமான கிளைக்கோஜனோடு குழப்பிக்கொள்வார்கள். இனோசிட்டால் என்றே எழுதுவது நல்லது.

இது ஆறு கார்பன் வளையம். ஒவ்வொரு கார்பனிலும் ஒரு ஹைட்ராக்சில். இதிலிருந்து வரும் இனோசிட்டால் மூவிடப் பாஸ்பேட், சுருக்கமாக ஐபி3, செல்லுக்குள் செய்தி கடத்தும் பொருள். அதில் 1, 4, 5 ஆகிய இடங்களில் தனித்தனியே பாஸ்பேட் ஒட்டியிருக்கும். அதுதான் 'டிரிஸ்பாஸ்பேட்'. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால் அது 'டிரைபாஸ்பேட்'. இரண்டையும் 'முப்பாஸ்பேட்' என்று எழுதுவது பிழை. முன்னதை மூவிடப் பாஸ்பேட் என்றும் பின்னதை முத்தொடர்ப் பாஸ்பேட் என்றும் சொல்லலாம். இட எண்களை ஒருபோதும் விடக்கூடாது. 1,3,4 வடிவம் வேறு பொருள்.

இதயத்தசையில் நார்அட்ரினலின் ஆல்பா-1 ஏற்பியில் அமர்ந்ததும் பாஸ்போலிப்பேஸ் சி நொதி செல் சவ்வில் உள்ள, இனோசிட்டால் தாங்கிய பிஐபி2 என்ற கொழுப்பை வெட்டி ஐபி3-ஐ விடுவிக்கிறது. ஐபி3 தன் ஏற்பியில் அமர்ந்து, செல்லுக்குள் சேமித்த கால்சியத்தை வெளிவிடச் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுவது முக்கியமாக ரயனோடின் ஏற்பி என்ற வேறொரு கால்சிய வாயில். ஐபி3 ஏற்பிகள் அதைவிட மிகக் குறைவு. கீழறையைவிட மேலறையில் கூடுதல். உட்கருவின் உறையிலும் அவை இருக்கின்றன. அங்கே வெளிவரும் கால்சியம் மரபணு வெளிப்பாட்டை மாற்றி, இதயத்தசை தடிப்பதற்குத் துணைபோகிறது.

வளர்சிதைமாற்றத்தில் ஐபி3-க்கு இரண்டு வழி: 5-ஆம் இடப் பாஸ்பேட்டை இழந்து 1,4-ஈரிடப் பாஸ்பேட் ஆகலாம், அல்லது 3-ஆம் இடத்தில் ஒன்றைப் பெற்று நாலிடப் பாஸ்பேட் ஆகலாம். படிப்படியாகப் பாஸ்பேட் உதிர்ந்து கடைசியில் ஓரிடப் பாஸ்பேட் இனோசிட்டாலாகிறது. இந்தக் கடைசிப் படியை லித்தியம் தடுக்கும்.

ஐபி3-ஐ அளப்பதில் பலர் தவறுவது இங்கேதான். டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய இனோசிட்டாலைத் திசுவுக்கு ஊட்டி, தூண்டலுக்கு முன் 10 மில்லிமோலார் லித்தியம் குளோரைடு சேர்த்து, அமிலத்தால் வினையை நிறுத்தி, எதிரயனிப் பரிமாற்றக் குழாயில் பிரிப்பது வழக்கம். லித்தியம் சேர்த்திருப்பதால் ஓரிடப் பாஸ்பேட் குவிந்து இனோசிட்டால் பாஸ்பேட்டுகளின் மொத்தக் கணக்கு ஏறும். அதை ஐபி3 ஏறியதாகப் படிப்பது தவறு. இதயத்தில் பிஐபி (பிஐபி2-ஐவிட ஒரு பாஸ்பேட் குறைந்த) கொழுப்பு நேராகவே வெட்டப்பட்டு, ஐபி3 உருவாகாமலே 1,4-ஈரிடப் பாஸ்பேட் வரக்கூடும். எளிய குழாய் 1,3,4 வடிவத்தையும் 1,4,5 வடிவத்தையும் பிரிக்காது. அதற்கு உயர்திறன் திரவ நிறப்பிரிகை வேண்டும்.