ஸ்டீல் டோ ஷூ போடப் போட லூஸ் ஆகாது

மறுபடியும் ஒரு கறுத்த நகம். கோவையில் பிசியோதெரபிஸ்டாக இருப்பதால் என்னிடம் பவுண்டரி (உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலை), மில் ஆட்கள்தான் அதிகம் வருகிறார்கள். இந்த முறை வந்தவர் பவுண்டரியில் அச்சு தயாரிக்கும் மோல்டிங்கில் ஷிஃப்ட் முழுக்க நிற்பவர். குதிகால் வலி என்றார். சாக்ஸைக் கழற்றச் சொன்னால் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுப்பு, சுண்டுவிரலில் கால் ஆணி. "ஸ்டோர்ல எட்டாம் நம்பர்தானுங்க இருந்துச்சு மேடம். போடப் போட லூஸ் ஆயிரும்னாங்க." அவர் கால் ஒன்பது.

ஆகாது அண்ணா. தோல் கொஞ்சம் இளகும், சரி. ஆனால் முன்பக்கம் தோலுக்கு அடியில் இருப்பது இரும்பு. ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட சேஃப்டி ஷூ என்றால், அந்த இரும்பை 200 ஜூல் அடி கொடுத்துச் சோதித்திருப்பார்கள். அதாவது சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி. அதையே தாங்குகிற இரும்பு உங்கள் சுண்டுவிரல் தள்ளி விரிந்து கொடுக்குமா? ஒரு மாதத்தில் "பழகிவிட்டது" என்கிறீர்களே, பழகியது ஷூ இல்லை. உங்கள் விரல்தான் மடங்கிக்கொண்டது.

இன்னொரு கூட்டம் அகலம் பற்றவில்லை என்று ஒரு நம்பர் கூட்டி வாங்கும். அப்புறம் குதிகால் உள்ளே வழுக்கிக் கொப்புளம். நம் ஊர்க் கால்கள் முன்பக்கம் அகலமானவை. சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமே அளவெடுத்துச் சொல்லியிருக்கிறது. அதே நம்பரில் அகல மாடல் கேளுங்கள். ஒரு கம்பெனியின் எட்டு இன்னொன்றின் எட்டு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஷிஃப்ட் முடிந்து, கால் வீங்கியிருக்கும் மாலையில் வாங்குங்கள், வேலைக்குப் போடும் சாக்ஸோடு. ஸ்டீல் டோவை மேலிருந்து அமுக்கிப் பார்க்க முடியாது. அதனால் உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரத்தில் வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் துணி மாதிரி மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பவுண்டரிக்கு அடிப்பாகம் சூடு தாங்கும் நைட்ரைல் ரப்பர்தான். பி.யு. (பாலியூரித்தேன்) சோல் சூட்டுக்கு ஆகாது, குடோனில் வருஷக்கணக்கில் கிடந்தாலே பொடிந்துபோகும். தயாரிப்புத் தேதி பாருங்கள். உலோகம் ஊற்றுகிறவர்களுக்கு லேஸ் வேண்டாம். உருகிய உலோகம் தெறித்தால் ஒரு உதறலில் கழற்ற முடிய வேண்டும், அது உள்ளே போகாதபடி பேன்ட் பூட்ஸுக்கு மேலே விழ வேண்டும். ஈரமான ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்து நிழலில் காயவிடுங்கள். உலைப் பக்கம் வைத்துக் காயவைத்தால் தோல் வெடிக்கும்.

சுகர் இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: ஷூ போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மரத்துப்போன காலுக்கு ஆணி குத்தினாலும் தெரியாது. ராத்திரி பாதத்தின் அடியைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டோர் பொறுப்பாளர்களே, அடுத்த ஆர்டர் போடும் முன் ஆட்களை நிற்கவைத்து இரண்டு காலையும் அளந்துவிடுங்கள். அரை நாள் வேலைதான்.