ஊராட்சிக்கு வந்த பணம் எங்கே போனது? போனிலேயே பார்க்கலாம்

தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சியில் போய்ச் சொன்னால், பல ஊர்களில் முதலில் வரும் பதில் “ஃபண்டு இல்லை”. நிஜமாகவே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள இப்போது யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டு என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் நிதி ஆணைய மானியம் (ஒன்றிய அரசின் வரிப்பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் ஆணையம் சொல்லி வரும் பணம்) எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று பார்க்கலாம். பார்ப்பதற்கு லாகின் எதுவும் வேண்டாம். 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய தளம் இது.

ஊராட்சிகளின் கணக்கை இப்படி ஆன்லைனில் திறக்கவைத்தது பணம்தான். தானாகவே தகவல் வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு 2005-லிருந்தே சொல்கிறது, பெரிதாக யாரும் அசையவில்லை. அப்புறம் 15-வது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு நாடு முழுக்க ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டது: முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும், அதற்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கும் மக்கள் பார்க்கும்படி ஆன்லைனில் இருக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் ஒரு மாநிலத்தில் கால்வாசி உள்ளாட்சிகள் ஏற்றினால் போதும், 2023-24 முதல் ஏற்றியவர்களுக்கு மட்டும்தான் பணம். இதுவரை வந்த நிபந்தனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கணக்கைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அந்தக் காலத்து மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்த பணம். மீதி 40 சதவீதத்தை ஊர் தன் தேவைக்குச் செலவழிக்கலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது.

தளத்தில் உள்ள வவுச்சரில், அதாவது செலவுச் சீட்டில், பல நேரம் “மோட்டார் ரிப்பேர்” என்று ஒரே வரிதான் இருக்கும், பக்கத்தில் தொகை. எந்தத் தெரு மோட்டார், என்ன பழுது, காயில் கட்டினார்களா புதுசு வாங்கினார்களா, ஒன்றும் இருக்காது. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் போன்ற ஊராட்சியின் சொந்த வரவு சேரும் பொதுநிதியின் செலவையும் அங்கே தேடாதீர்கள், அதைத் தமிழ்நாட்டில் கிராம சபையில் படிவம் 30-ஆக வைப்பார்கள். சபையில் அதை வேகமாக வாசித்துவிட்டுக் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினால், “ஒரு நிமிஷம், அந்த மோட்டார் எங்க போட்டது?” என்று எழுந்து கேளுங்கள், பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஊராட்சிச் செயலரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவரே பல வேலைகளுக்கு நடுவில் தனியாளாக இழுத்துக்கொண்டிருப்பார். ஊரில் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் அந்த ஆன்லைன் கணக்கைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட உதவினால் அவருக்கும் பாரம் குறையும்.

அப்படியும் பதில் வரவில்லையா, சரி, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். பில் நகல் மட்டும் கேட்காமல், பதிவேட்டையும் வேலை நடந்த இடத்தையும் நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்றும் எழுதுங்கள், பார்வையிடும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.