ஒப்பந்தம் தீர்ந்தவரை ‘இலவச முகவர்’ ஆக்காதீர்கள்

‘இலவச முகவர் மைல்ஸ் டர்னர் மில்வாக்கி அணியில் இணைந்தார்.’ 2025 ஜூலையில் ஒரு விளையாட்டுச் செய்தியில் இப்படிப் படித்தேன். அதற்கு முந்தைய கோடைகளிலும் வேறு வேறு பெயர்களுடன் இதே சொற்றொடரைப் படித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். இந்த முறை முடியவில்லை. கூடைப்பந்து வீரரான டர்னர் இலவசமாக வரவில்லை. நான்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கும் மேல் பேசி வந்தார். அவர் யாருக்கும் முகவரும் இல்லை. இரண்டு சொல்லில் இரண்டு பொய்.

அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.வில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் ஆட்டங்கள் முடிந்ததும் இன்னொரு போட்டி தொடங்குகிறது. ஒப்பந்தக் காலம் ஓடி முடிந்த வீரர்கள் எந்த அணியுடன் வேண்டுமானாலும் பேசலாம். அப்படிப்பட்டவரைத்தான் ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்கிறார்கள். ‘ஏஜென்ட்’ என்பதற்கு லத்தீன் வேர். ‘செய்’ என்று பொருள். செய்பவர் எவரோ அவர் ஏஜென்ட். பிறருக்காகச் செய்பவர் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ‘ஃப்ரீ’ என்பது பழைய ஜெர்மானியச் சொல். அடிமையல்லாதவர், வீட்டாருக்கு வேண்டியவர் என்ற பொருளில் இருந்தது. ‘காசில்லாமல்’ என்ற பொருள் அதிலும் பிந்தியது. ஆக, தன் விருப்பப்படி செயல்படுபவர் என்பதே அந்த இணைச்சொல்லின் கருத்து. அதைத் தமிழாக்கியவர் இரண்டு சொல்லிலும் பிந்திய பொருளையே எடுத்துக்கொண்டார்.

நம்மிடம் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டு அடைத்ததைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. இலவச வேட்டி சேலை வேறு, விடுதலை வேறு என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். முகவர் என்றால் யார் என்பதும் தெரியும்: காப்பீட்டு முகவர், பால் முகவர், வாக்குச்சாவடி முகவர். ஒருவருக்காக இன்னொருவர் முகம் காட்டி நிற்பவர் அவர். கூடைப்பந்திலும் உண்மையான முகவர்கள் இருக்கிறார்கள். லெப்ரான் ஜேம்ஸுக்கு ரிச் பால் முகவர். 2025 ஜூன் கடைசியில் ஜேம்ஸ் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியிலேயே இன்னோர் ஆண்டு 5.26 கோடி டாலருக்குத் தொடரப்போகிறார் என்ற முடிவை வெளியிட்டவர் அவர்தான். அன்று ஜேம்ஸ் வேறு முடிவு எடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? ‘ஜேம்ஸ் இலவச முகவராகிறார் என்று அவரது முகவர் தெரிவித்தார்.’ இதைப் படிப்பவர் யாரை ஆட்டக்காரர் என்று நினைப்பார்?

இந்தத் தவற்றைக் கண்டு வெட்கப்பட்ட சிலர் ‘சுதந்திர முகவர்’ என்று மாற்றினார்கள். பாதிப் புண்ணுக்கு மருந்து. வேறு சிலர் முகவரை நீக்கிச் ‘சுதந்திர வீரர்’ என்றார்கள். நம் நாட்டில் அந்த இரண்டு சொல்லும் அருகருகே வந்தால் சிறைக்குப் போனவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். சம்பளம் பேசுபவர் வரமாட்டார். சொற்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட நண்பர் ஒருவர் ‘தன்வயத்தர்’ என்று முன்மொழிந்தார். அழகான சொல், வேர்ப்பொருளுக்கும் நேரானது. ஆனால் ‘எண்குணத்தான்’ என்ற குறட்சொல்லுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் இறைவனுக்குச் சொன்ன எட்டுக் குணங்களில் முதலாவது தன்வயத்தனாதல். அதை எடுத்துப் புதிய அணி தேடும் ஆட்டக்காரருக்குச் சூட்ட என் மனம் ஒப்பவில்லை. நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு அது விளங்கவும் போவதில்லை.

உண்மையான போட்டி ‘கட்டற்ற வீரர்’ என்ற சொல்லோடுதான். அதைச் சொல்பவர்கள் விவரம் அறிந்தவர்கள். கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று ‘ஃப்ரீ’ சிக்கலை ஏற்கெனவே தீர்த்த வழியிலேயே வருகிறார்கள். அந்த இடங்களில் அந்தச் சொல்லை நானும் மனமார ஏற்கிறேன். மென்பொருளுக்கு அது இயல்பு; பிறந்ததிலிருந்தே கட்டில்லாமல் இருக்கிறது, அப்படியே இருக்கப்போகிறது. ஆட்டக்காரரின் நிலை அப்படியா? நேற்று வரை கட்டுண்டவர். இன்று கட்டு நீங்கியிருக்கிறது. அடுத்த வாரம் இன்னோர் அணிக்குக் கையெழுத்துப் போட்டு மறுபடி கட்டுப்படுவார். நடந்து முடிந்த ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் குணத்தைச் சொல்கிறது ‘கட்டற்ற’. கட்டற்ற பேச்சு, கட்டற்ற வன்முறை என்றெல்லாம் எழுதிப் பழகிய மொழியில் ‘கட்டற்ற வீரர்’ என்றால் பயிற்சியாளருக்கு அடங்காதவர் என்றே முதலில் தோன்றும்.

அதைவிடப் பெரிய இடர் அடுத்த படியில் இருக்கிறது. என்.பி.ஏ.வில் ஒப்பந்தக் காலம் ஓடிய எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. ஆண்டுதோறும் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கும் இளம் வீரர் தேர்வின் முதல் சுற்றில் எடுக்கப்பட்டு நான்கு பருவம் ஆடியவர் வேறோர் அணியின் அழைப்பை ஏற்கலாம். ஆனால் பழைய அணி, குறித்த கெடுவுக்குள் ‘அதே தொகையை நாங்களே தருகிறோம்’ என்று சொன்னால் அவர் அங்கேயே இருக்க வேண்டும். 2025 கோடையில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஜோனத்தன் குமிங்கா இந்த நிலையில் மாட்டிக்கொண்டு செப்டம்பர் கடைசி வரை இழுபறியில் கிடந்தார். 2012இல் ஜெரமி லின் விஷயத்தில் நியூயார்க் நிக்ஸ் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை. அவர் ஹூஸ்டன் போய்ச் சேர்ந்தார். இவர்களை ஆங்கிலத்தில் ‘ரெஸ்ட்ரிக்டட்’, அதாவது கட்டுப்பாடுள்ள, ஃப்ரீ ஏஜென்ட் என்கிறார்கள். ‘கட்டற்ற’ கட்சியார் இவர்களை எப்படி அழைப்பார்கள்? ‘கட்டுப்பாடுள்ள கட்டற்ற வீரர்’ என்றா? மற்றவரைக் ‘கட்டுப்பாடற்ற கட்டற்ற வீரர்’ என்றா? இரண்டையுமே அச்சில் பார்த்திருக்கிறேன். எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் அடித்துவிட்டு வேறு எழுதியிருப்பார்.

இங்கே நடப்பது நமக்குப் புதிதே அல்ல. நிலத்தை வெளியாருக்கு விற்க விலை பேசினால், அதே விலைக்குப் பங்காளி கேட்கும்போது அவருக்குத்தான் முதலில் தர வேண்டும் என்ற வழக்கை அறிந்தவர்கள் நாம். அதற்குப் பெயர் முன்னுரிமை. குமிங்கா மீது வாரியர்ஸுக்கு முன்னுரிமை இருந்தது. டர்னர் மீது யாருக்கும் இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

அப்படியானால் ‘ஒப்பந்தம் முடிந்த வீரர்’ என்று எழுதிவிடலாமே என்று பலர் கேட்டார்கள். நானும் சில காலம் அப்படித்தான் எழுதினேன். பிறகுதான் அதிலுள்ள பள்ளம் தெரிந்தது. ‘கல்யாணம் முடிந்தது’ என்றால் உறவு தொடங்கிவிட்டது என்று பொருள். ‘விலை முடிந்தது’ என்றால் வியாபாரம் கூடிவிட்டது என்று பொருள். அதே வழியில் ‘ஒப்பந்தம் முடிந்தது’ என்றால் கையெழுத்தாகிவிட்டது என்று பாதிப் பேர் படிப்பார்கள். வேறு துறையில் இந்த இரட்டைப் பொருள் பெரிதாக உறுத்தாது, என்.பி.ஏ. கோடையில் உறுத்தும். ஜூலை முதல் வாரத்தில் சில நாள்கள் வாய்ப்பேச்சு நடக்கும், பெரும்பாலான கையெழுத்துகள் நடக்கா. 2015இல் டிஆண்ட்ரே ஜோர்டன் டல்லாஸ் மேவரிக்ஸுக்கு வருவதாக வாய்மொழி கொடுத்தார். அந்த இடைவெளியிலேயே மனம் மாறிப் பழைய அணியான கிளிப்பர்ஸுடன் கையெழுத்திட்டார். பழைய ஒப்பந்தம் காலாவதியானது, புதியதற்கு வாக்குக் கொடுத்தது, கையெழுத்துப் போட்டது என்று மூன்று தனித்தனி நிலைகள். மூன்றுக்கும் ‘முடிந்தது’ என்று எழுதினால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்? ‘விடுபட்ட வீரர்’ என்பதிலும் இதே கோளாறு. பட்டியலில் பெயர் விட்டுப்போனவரும் விடுபட்டவர்தான்.

எனவே நான் ‘தீர்’ என்ற வினைக்கு வந்து சேர்ந்தேன். ‘ஒப்பந்தம் தீர்ந்த வீரர்.’ கெடு தீர்ந்தது, கடன் தீர்ந்தது என்கிறோம். அங்கெல்லாம் கட்டு அவிழ்ந்தது என்ற உணர்வு இருக்கிறது. கல்யாணம் தீர்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. தொல்காப்பியர் உரியியலில் ‘தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட் டாகும்’ என்று சொல்லி வைத்திருக்கிறார். தீர்தல் என்றாலே விடுதல். ‘ஃப்ரீ’ என்ற சொல்லில் இருக்கும் விடுதலை இந்த வினைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக ஒட்டத் தேவையில்லை.

அந்த நூற்பாவில் இரண்டு வினைகள் இருப்பதைக் கவனியுங்கள். தானாகத் தீர்வது ஒன்று, ஒருவர் தீர்ப்பது மற்றொன்று. 2025 கோடையில் ஒரே அணியின் வாசலில் இரண்டும் நடந்தன. டர்னர் இண்டியானா பேசர்ஸுக்காகப் பத்துப் பருவம் ஆடியவர். அந்த அணி இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை சென்று ஓக்லஹோமா சிட்டி தண்டரிடம் தோற்றது. அந்த ஆட்டத்திலேயே அதன் முதன்மை ஆட்டக்காரர் டைரீஸ் ஹாலிபர்டனின் குதிகால் தசைநார் கிழிந்தது. சில நாள்களில் டர்னரின் ஒப்பந்தம் தீர்ந்தது. அவர் மில்வாக்கி பக்ஸுக்குப் போனார். மில்வாக்கியோ அணிக்குரிய சம்பள வரம்புக்குள் அவருக்கு இடம் உண்டாக்க டேமியன் லில்லார்டின் ஒப்பந்தத்தைத் தானே தீர்த்தது. ஏப்ரலில் இதே இண்டியானாவோடு ஆடும்போதுதான் லில்லார்டுக்கும் குதிகால் தசைநார் கிழிந்திருந்தது. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த சுமார் 11.3 கோடி டாலரை ஐந்து பருவத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறோம் என்று சொல்லி அவரை அனுப்பினார்கள். நம் ஊரில் இதைத்தான் கணக்குத் தீர்த்து அனுப்புவது என்பார்கள். லில்லார்ட் தாம் முன்பு பதினொரு பருவம் ஆடிய போர்ட்லாந்துக்கே திரும்பினார். இருவரும் ஆங்கிலத்தில் ஒரே பெயரில் அடங்குகிறார்கள். தமிழில் ஒருவர் ஒப்பந்தம் தீர்ந்தவர், மற்றவர் ஒப்பந்தம் தீர்க்கப்பட்டவர். மூலத்தைவிடத் தெளிவாகச் சொல்ல வாய்ப்புக் கிடைத்த இடத்தில், லில்லார்ட் ‘தள்ளுபடி செய்யப்பட்டார்’ என்று எழுதினார்கள்!

வாசகருக்கு இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீரரைப் பரிமாற்றம் செய்தால் பதிலுக்கு ஏதாவது வரும்: இன்னொரு வீரர், அல்லது வருங்காலத் தேர்வு வாய்ப்பு. ஒப்பந்தம் தீர்ந்தவர் வெளியேறினால் எதுவும் வராது. இண்டியானாவுக்கு டர்னருக்கு ஈடாக ஒருவரும் வரவில்லை. இறுதித் தொடர் ஆடிய அணி, முதன்மை ஆட்டக்காரர் காயத்தில் படுத்திருக்க, நடு ஆட்டக்காரர் இடமும் காலியாகி நின்றது. ‘இலவச’ என்று படித்தவர் மில்வாக்கிக்கு மலிவாகக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு அந்த இழப்பைத் தவறவிடுவார்.

விரும்பிய அணிக்குப் போகும் இந்த உரிமை சும்மா வந்ததுமல்ல. ஒரு காலத்தில் ஒப்பந்தக் காலம் ஓடினாலும் வீரர் அதே அணியின் உடைமையாகவே கிடந்தார். வீரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் வழக்குத் தொடுத்தார். 1976இல் உடன்பாடு வந்தது. அதற்குப் பிறகும் பழைய அணியின் முன்னுரிமை நீடித்தது. 1988இல் டாம் சேம்பர்ஸ் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போனபோதுதான் முன்னுரிமையும் இல்லாமல் ஒருவர் முதன்முதலாக அணி மாறினார். நீதிமன்றப் படியேறிப் பெற்ற உரிமையை ‘இலவசம்’ என்று எழுதும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

‘தீர்ந்தவர்’ என்றால் ஆள் கதை முடிந்தவர் போல ஒலிக்கிறதே என்ற மறுப்பு நியாயமானது. ஆகவே ‘ஒப்பந்தம்’ என்ற முன்சொல்லை ஒருபோதும் விடக்கூடாது. தலைப்பில் இடமில்லை என்றால் ‘அணி தேடும் டர்னர்’ என்று போடலாம்.

மற்றச் சொற்களின் நிலையும் இதுதான். ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பைச் ‘சம்பளத் தொப்பி’ என்கிறார்கள். நில உச்சவரம்புச் சட்டத்தை 1961 முதல் அறிந்த தமிழ்நாட்டுக்குச் சம்பள உச்சவரம்பு என்ற சொல் தோன்றாமல் போயிற்று. இளம் வீரர் தேர்வை ‘வரைவு’ என்கிறார்கள். மசோதாவைப் பற்றிய செய்தியோ என்று தேட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘பறவை உரிமை’ என்று ஒன்றைப் படித்தேன். பாஸ்டன் அணியில் ஆடிய லாரி பேர்டின் பெயரால் வழங்கும் விதி அது. தன் பழைய வீரரை வைத்துக்கொள்ள அணி உச்சவரம்பைத் தாண்டலாம் என்கிறது. டர்னர் விஷயத்தில் இண்டியானாவுக்கு அந்த உரிமை இருந்தது. மனிதரின் பெயரைப் பெயராகக்கூட விட்டுவைக்காத மொழிபெயர்ப்பை, கருவியே செய்தது என்றாலும், ஒரு மனிதர் பார்த்துத்தானே அச்சுக்கு அனுப்பினார்? அவர் அந்த ஆட்டத்தை ஒருமுறையேனும் பார்த்திருக்க வேண்டாமா?

அந்த முதல் வாக்கியத்தை நான் இப்படி எழுதியிருப்பேன்: ‘ஒப்பந்தம் தீர்ந்த மைல்ஸ் டர்னரை மில்வாக்கி சேர்த்துக்கொண்டது; அவருக்கு இடம் உண்டாக்க லில்லார்டின் ஒப்பந்தத்தைத் தீர்த்தது.’